லிஃப்ட் வாசலில் ஒரு பூட்டு

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மதுரைச் சாப்பாடு, அதுவும் கடைசியில் ஜிகர்தண்டா. கண் சொக்கினால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். "டெக்னிக்கலா ஏதாவது பேசுடா, ஆனா வீட்டுல உள்ளவங்களுக்கும் புரியணும்" என்று நம் செயலாளர் ஃபோனில் சொன்னார். அவருக்கு எப்போதுமே இரண்டு வேலையை ஒரே சம்பளத்தில் முடிக்க வேண்டும். ஆகவே பாலம், அணை என்றெல்லாம் போகாமல் ஒரே ஒரு கதவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அலுவலகக் கட்டடங்களில் லிஃப்டை விட்டு இறங்கியதும் ஒரு சின்ன முன்கூடம் வருகிறதே, லிஃப்ட் லாபி, அங்கே இருக்கிற கதவு. கட்டட வரைபடங்களில் தீப்பாதுகாப்பைச் சரிபார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அதனால் அந்தக் கதவோடு எனக்குப் பல வருடப் பழக்கம்.

நம்மோடு படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்து மதுரையில் லிஃப்ட் என்பதே வேடிக்கை பார்க்கிற பொருள். பழைய நகரத்துக்குள் இன்றும் உயரமான கட்டடம் அதிகம் கிடையாது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997-இல் அரசாணை வந்தது. அதை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது வேறு கச்சேரி. ஆனால் ஊர் வெளியே நகர்ந்துவிட்டது. பைபாஸ் ரோடு, கே.கே. நகர், மாட்டுத்தாவணி, நத்தம் ரோடு என்று உயரம் ஏறிக்கொண்டிருக்கிறது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்தன. 2023-இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025-இல் அடிக்கல் நாட்டினார்கள். நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகாமல் இங்கேயே லிஃப்டில் ஏறி வேலைக்குப் போகும் காலம் இது. சந்தோஷம்தான்.

இப்போது கதவுக்கு வருகிறேன். ஒரு மாடியை மனதில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் இரண்டு லிஃப்ட். அதற்கு முன்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு லாபி. இடப்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு கம்பெனி. வலப்பக்கம் இன்னொரு கண்ணாடிக் கதவு, இன்னொரு கம்பெனி. மாடிப்படி எங்கே? இரண்டு கோடியிலும் இருக்கிறது. அதாவது கம்பெனிக்காரர்களின் இடத்தைத் தாண்டித்தான் படிக்குப் போகமுடியும். இரண்டு படியும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கவேண்டும், ஒரு பக்கம் புகை சூழ்ந்தால் மறுபக்கம் போகலாம் என்பதற்காக வரைபடத்தில் அப்படிப் போடுகிறோம். தப்பே இல்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு கம்பெனியும் கண்ணாடிக் கதவைப் பூட்டுகின்றன. கார்டு வைத்திருப்பவர் மட்டும் உள்ளே போகலாம். இப்போது லாபியில் நிற்கிற ஆளை யோசியுங்கள். இடம், வலம் இரண்டு பக்கமும் பூட்டு. அவருக்கு இருக்கிற ஒரே வழி லிஃப்ட். அந்த லிஃப்ட் பக்கத்துச் சுவரில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறோம்? "தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள், படிக்கட்டைப் பயன்படுத்துங்கள்." படிக்கட்டு எங்கேப்பா? பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம்! இதோடு, நல்ல கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி அடித்ததும் லிஃப்ட் தானாகவே தரைத்தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்து நின்றுவிடும். யாரும் தெரியாமல் அதில் ஏறிப் புகைக்குள் போய் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆக, பாதுகாப்புக்காக லிஃப்டை இறக்கிவிட்டோம், பாதுகாப்புக்காகக் கதவைப் பூட்டிவிட்டோம். நடுவில் நிற்கிற மனுஷனை யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நம் ஊரில் ஓர் ஆறு மாடி அலுவலகக் கட்டடம். பெயர் வேண்டாம். நாலாவது மாடியில் துப்புரவு வேலை பார்க்கிற ஒரு அம்மா, ராத்திரி எட்டரை மணிக்குக் குப்பைக் கூடையோடு லாபிக்கு வந்திருக்கிறார். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அவருடைய கார்டு உள்ளே, சேலை மாற்றுகிற அலமாரியில். செல்ஃபோனும் அங்கேதான். அதே நேரம் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது. கதவின் பூட்டு மட்டும் யு.பி.எஸ். பேட்டரியில் ஜம்மென்று பிடித்துக்கொண்டிருக்கிறது. இருட்டில் அந்த அம்மா முக்கால் மணி நேரம் கதவைத் தட்டியிருக்கிறார். தீயும் இல்லை, புகையும் இல்லை, அது அவர் அதிர்ஷ்டம். மறுவாரம் வேறு ஒரு வேலையாக நான் அங்கே போனபோது அவரே சொன்னார்: "சார், கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. கீழ இருக்கற செக்யூரிட்டி அண்ணனுக்கு ஒண்ணும் கேக்கல."

முதலாளியிடம் கேட்டேன். அவர் மோசமான மனிதர் இல்லை. "சார், போன வருஷம் நாலு லேப்டாப் போச்சு. ஃபாரின் கஸ்டமர் ஆடிட்டுக்கு வர்றான், கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்தே போடறான். பூட்டாம என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார். நியாயமான கேள்வி. பூட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திண்டுக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு பூட்டு வேண்டாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள்! 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

நம் தாத்தா வீட்டுக் கதவை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியே பூட்டு கிடையாது. உள்ளே தாழ்ப்பாள். வெளியிலிருந்து யாரும் திறக்கமுடியாது. உள்ளே இருக்கிற பாட்டி, பேரன், யார் வேண்டுமானாலும் சாவி இல்லாமல் இழுத்துத் திறந்துகொண்டு வரலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது வீடு காலியான பிறகு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அதாவது என்.பி.சி. 2016, நாலாவது பகுதியில் சொல்வதும் இதே சங்கதிதான்: வெளியேறும் வழியிலுள்ள கதவு, அதைப் பயன்படுத்தி வெளியேறுபவரின் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கதவின் அகலம் குறைந்தது 1000 மில்லிமீட்டர், உயரம் 2000 மில்லிமீட்டர் என்றும் அதே இடத்தில் வரும். அளவை எல்லோரும் பார்க்கிறார்கள். சாவி வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்.

15 மீட்டரும் அதற்கு மேலும் போனால் என்.பி.சி. கணக்கில் அது உயரமான கட்டடம். நம் மாநிலத்தின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அந்தக் கோடு 18.30 மீட்டர். இந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கிற கட்டடங்கள்தான் மதுரையில் ஏராளம். நாலு மாடி, ஐந்து மாடி. "நம்ம பில்டிங் அந்த வகையில வராது சார்" என்று தைரியமாகச் சொல்வார்கள். புகைக்கு இந்த 15-ம் தெரியாது, 18.30-ம் தெரியாது.

லாபி விஷயத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. கம்பெனிக்காரர் சொல்வார்: "என் ஆபீஸுக்கு உள்ளே இருந்து பாத்தா கதவு சாவியில்லாமத் திறக்குது. விதிப்படி சரிதானே?" சரிதான், அவருக்கு. ஆனால் லாபியில் நிற்பவருக்கு லாபிதான் உள்ளே, ஆபீஸ் அவர் வெளியேறும் வழி. ஒரே கதவு, இரண்டு பக்கத்தாருக்கும் வெளியேறும் கதவாகிவிடுகிறது. இந்த ஒரு இடத்தில் தாத்தா வீட்டுத் தாழ்ப்பாள் போதாது.

அமெரிக்காக்காரன் இதோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டியிருக்கிறான். லாபியிலிருந்து பூட்டிய கதவு எதையும் தாண்டாமல் ஒரு படிக்கட்டுக்காவது போகமுடிய வேண்டும் என்பது பழைய பிடிவாதம். கட்டட முதலாளிகள் கேட்கவில்லை. கடைசியில் என்.எஃப்.பி.ஏ. 101 என்ற உயிர்ப்பாதுகாப்பு விதித்தொகுப்பில் பூட்டலாம் என்று அனுமதித்து, பின்னாலேயே நிபந்தனைகளை வரிசைகட்டி நிறுத்திவிட்டார்கள். கட்டடம் முழுக்கத் தண்ணீர் தெளிப்பான் இருக்கவேண்டும், ஸ்பிரிங்க்ளர் என்கிறோமே அது. லாபியிலேயே புகை உணர் கருவி வேண்டும். எச்சரிக்கை அமைப்பு இயங்கினாலோ தெளிப்பானில் தண்ணீர் ஓடினாலோ கதவு தானாக விடுபடவேண்டும். மின்சாரம் போனாலும் விடுபடவேண்டும். விடுபட்ட பிறகு தானாகத் திரும்பப் பூட்டிக்கொள்ளக் கூடாது, ஒரு ஆள் வந்து கையால் சரிசெய்யும்வரை திறந்தே கிடக்கவேண்டும். லாபியில் இருவழிப் பேச்சுக் கருவி வேண்டும், அதன் மறுமுனையில் உதவி செய்யத் தெரிந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கவேண்டும். நாலு மாடி அம்மாவுக்கு இந்தக் கடைசி ஒன்று மட்டும் இருந்திருந்தால் தொண்டை பிழைத்திருக்கும்.

அதிலே ஒரு சுவாரசியம். கண்ணாடியை உடைத்து அழுத்துகிற கையால் இயக்கும் எச்சரிக்கைப் பெட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை அழுத்தினால் கதவு திறக்கவேண்டிய கட்டாயமில்லை. ஏனென்றால் திருடன் லாபிக்கு வந்து பெட்டியைத் தட்டிவிட்டு ராஜபாட்டையாக உள்ளே போய்விடுவான். முதலாளியின் லேப்டாப் பயத்தையும் அவர்கள் ஒதுக்கிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொரு வேடிக்கை, நம் முதலாளியிடம் கதவைப் பூட்டச் சொன்ன கஸ்டமரும் அந்த நாட்டுக்காரர்தான். பூட்டு மட்டும் கப்பலேறி வந்தது, நிபந்தனைகள் துறைமுகத்திலேயே தங்கிவிட்டன.

இந்த விதிகளெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதியவை இல்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பிணங்கள் இருக்கின்றன. 1883-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஊரில் விக்டோரியா ஹால் என்ற அரங்கத்தில் குழந்தைகளுக்கான வேடிக்கை நிகழ்ச்சி. முடிவில் பரிசு தருகிறார்கள் என்றதும் மாடியிலிருந்து குழந்தைகள் படியில் ஓடி வந்தார்கள். கீழ்க்கதவை ஒரு ஆள் மட்டும் நுழைகிற அளவு இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தார்கள். நெரிசலில் 183 குழந்தைகள். தீயே இல்லை, வெறும் தாழ்ப்பாள். அதன் பிறகு 1892-இல் ராபர்ட் பிரிக்ஸ் என்ற இளைஞர், உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை வாங்கினார். 1903-இல் சிகாகோவில் இரோக்வா தியேட்டர் தீ, 600-க்கும் மேற்பட்டவர்கள். கார்ல் பிரின்ஸ்லர் என்ற வன்பொருள் விற்பனையாளர் அந்தக் காட்சிக்குப் போகவேண்டியவர், போகவில்லை. அந்த நெருடலில் அவர் ஒரு வடிவமைப்பாளரோடு சேர்ந்து, இடுப்பால் முட்டினாலே திறக்கிற குறுக்குக் கம்பிப் பூட்டை உருவாக்கி 1908-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று மால்களிலும் சினிமா தியேட்டர்களிலும் பார்க்கிறோமே, பேனிக் பார், அது. 1911-இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை. துணி திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற சந்தேகத்தில், தைக்கிற பெண்களைச் சோதித்து அனுப்ப ஒரு வாசலை மட்டும் விட்டு மற்றதைப் பூட்டி வைத்தார்கள். 146 பேர்.

நம் நாட்டுக் கணக்கும் குறைவில்லை. 1997 ஜூன் 13, டெல்லி உபகார் தியேட்டர், 59 பேர். கீழே மின்மாற்றியில் கிளம்பிய புகை மேலே பால்கனிக்கு ஏறியது. அங்கிருந்து வெளியே வர வழி அடைபட்டிருந்தது. 2010 பிப்ரவரி 23, பெங்களூரில் கார்ல்டன் டவர்ஸ், முழுக்க முழுக்க அலுவலகக் கட்டடம், 9 பேர். புகை தாங்காமல் கண்ணாடியை உடைத்து மேலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு. சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 23, கொல்கத்தா பார்க் தெருவில் ஸ்டீபன் கோர்ட், 43 பேர். மொட்டைமாடிக்குத் தப்ப ஓடியவர்கள், மாடிக்கதவு பூட்டியிருந்ததால் படிக்கட்டிலேயே கிடந்தார்கள். மொட்டைமாடிக் கதவைப் பூட்டாத அலுவலகம் நம் ஊரில் எத்தனை இருக்கிறது? காதல் ஜோடி ஏறுகிறது, சிகரெட் பிடிக்க ஏறுகிறார்கள் என்று காரணம் சொல்வார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே, 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த கொட்டகையில் தீ, 28 பேர். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வார்த்தை வருவதில்லை. மேலே போகிறேன்.

பூட்டுக்குத் திரும்புவோம். வீட்டுக்காரங்களுக்கும் புரியவேண்டும் என்பதால் எளிமையாகச் சொல்கிறேன். மின் பூட்டு இரண்டு சாதி. ஒன்று, மின்சாரம் இருக்கும்வரை பிடித்துக்கொள்ளும், போனால் விட்டுவிடும். கண்ணாடிக் கதவின் தலையில் நீளமாக ஒரு காந்தப் பட்டை இருக்கிறதே, அது இந்த வகை. சாதாரணமானதே 270 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்கும். நம்மில் யாரும் தோளால் இடித்துத் திறக்கமுடியாது, தமிழ் சினிமா பார்த்துவிட்டு முயற்சி செய்யவேண்டாம். இன்னொன்று, மின்சாரம் போனால் பூட்டியபடியே நிற்கும். அது பணப்பெட்டி அறைக்குச் சரி, மனிதர் தப்பிக்கிற வழிக்கு ஆகாது.

"நாங்க காந்தப் பூட்டுதான் சார் போட்டிருக்கோம், கரண்ட் போனா தானா தொறந்துக்கும்" என்பார்கள். நம் ஊரில் கரண்ட் போவதற்குப் பயந்து அதே பூட்டுக்குப் பேட்டரியும் கொடுத்திருப்பார்கள். பிறகு எங்கே திறக்கும்? மின்வாரியம் கையைவிட்டாலும் பேட்டரி விடாது. ஆகவே தீ எச்சரிக்கைப் பலகையிலிருந்து ஒரு ரிலே வந்து, பேட்டரிக்கும் பூட்டுக்கும் நடுவில் உள்ள கம்பியையே துண்டிக்கவேண்டும். கதவுப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள், அதுவும் அப்படித்தான், கம்பியை நேராகத் துண்டிக்கவேண்டும். பல இடங்களில் அந்தப் பெட்டி கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்புகிறது, கம்ப்யூட்டர் யோசித்துப் பூட்டுக்கு உத்தரவு போடுகிறது. கம்ப்யூட்டர் தொங்கிவிட்டால்? பூட்டைப் போட்டுவிட்டுப் போகிற கம்பெனியும் தீ எச்சரிக்கை போடுகிற கம்பெனியும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலைந்து மீட்டர் கம்பி யாருடைய டெண்டரிலும் இருக்காது. நான் பார்த்த பல கட்டடங்களில் குறை என்பது இந்தக் கம்பிதான். லட்சக்கணக்கில் செலவு பண்ணினவர்கள் அந்தக் கம்பிக்கு ஆள் வைக்கவில்லை.

நம் ஊரின் சாதாரணக் கட்டடங்களில் மின் பூட்டே கிடையாது. படிக்கட்டு லிஃப்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். நல்ல அமைப்பு. ஆனால் அதன் வாயில் மடக்குக் கேட், அதில் திண்டுக்கல் பூட்டு. சாவி கீழே வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். ஒருமுறை ஒரு வாட்ச்மேன் பெரியவரிடம் கேட்டேன், "அண்ணே, தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?" அவர் நிதானமாகச் சொன்னார்: "மேல இருக்கறவுக சத்தம் போடுவாக தம்பி, நான் போயித் தொறப்பேன்." எந்தச் சாவி எந்த மாடிக்கு என்று கேட்டேன். கொத்தில் பதினேழு சாவி இருந்தது.

"தீயணைப்புத் துறை வந்து உடைச்சுக்குவாங்க" என்பது இன்னொரு தைரியம். 2020 தீபாவளியன்று விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து இறந்துபோனார்கள். அவர்கள் உள்ளே வருவது நெருப்போடு மல்லுக்கு நிற்க. நம் பூட்டை உடைக்கிற வேலையை அவர்கள் தலையில் வைப்பது என்ன நியாயம்?

அந்த ஆறு மாடிக் கட்டடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரிலே வைத்துக் கம்பியை இழுத்தார்கள். லாபியில் ஒரு இன்டர்காம் மாட்டி, கீழே செக்யூரிட்டி மேசையில் முடித்தார்கள். பூட்டு அப்படியே இருக்கிறது, லேப்டாப்பும் பத்திரமாக இருக்கிறது. பரிசோதனையை மட்டும் நான் ராத்திரியில் வைக்கச் சொன்னேன். பகலில், ஜெனரேட்டர் ஆள் பக்கத்தில் நிற்க, எல்லாம் ஒழுங்காகத்தான் திறக்கும். ராத்திரி எட்டரைக்கு மெயின் ஸ்விட்சை இறக்கி, பேட்டரியை அப்படியே விட்டு, புகை உணர் கருவிக்குச் சோதனைப் புகை காட்டிப் பார்த்தோம். முதல் தடவை இடப்பக்கக் கதவு விட்டது, வலப்பக்கம் விடவில்லை. அந்தக் கம்பெனிக்காரர் தனியாக இன்னொரு பேட்டரி வைத்திருந்தார், கட்டட முதலாளிக்கே தெரியாது. அதையும் சேர்த்துக் கட்டிய பிறகு, இரண்டாவது தடவை இரண்டும் விட்டன. அந்த அம்மாவையும் கூப்பிட்டிருந்தோம். கதவை அவரே தள்ளிப் பார்த்தார். "இப்பத் தொறக்குது, நாளைக்கும் தொறக்குமா சார்?" என்று கேட்டார். மாதம் ஒருமுறை சோதிக்க நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். போன தடவை போனபோது மூன்று மாதத்துக்குக் கையெழுத்து இருந்தது, நாலாவது மாதம் காலி. ஃபோன் பண்ணியிருக்கிறேன்.

நம்மில் பலர் கட்டட முதலாளிகள், பலர் கட்டுபவர்கள், பலர் வாடகைக்கு ஆபீஸ் வைத்திருப்பவர்கள். யாராவது வரைபடம் கொண்டுவந்திருந்தால் காபி இடைவேளையில் பின்வரிசை மேசைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வரைபடம் இல்லையென்றாலும் பரவாயில்லை. உங்கள் மாடியில் படிக்கட்டு எந்தப் பக்கம், ராத்திரி அந்தக் கதவின் சாவி யாரிடம் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.